இடப்பக்கம் ஒதுங்கும் அம்பு

கிருஷ்ணகிரி

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்கு மொட்டையடித்துக் காது குத்திய சேதி படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே மாங்காய் பறிப்பு முடிந்துவிட்டது. மண்டிக்கு அலைகிற வேலை இல்லை, சாயங்காலம் முழுக்க வில்லோடுதான்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். அம்பெல்லாம் இடப்பக்கமே போகிறது, மூங்கில் வில்தான் காரணம், 50 பவுண்டு இழுவிசையில் வேறு வில் வாங்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வாங்காதே. நீ அனுப்பிய வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். இப்போதிருக்கும் 40 பவுண்டே உனக்கு அதிகம். நாண் வாயோரம் வந்து சேரும் முன்பே விட்டுவிடுகிறாய். இழுப்பு குறைந்தால் தள்ளும் விசையும் குறையும், அந்த விசைக்கு உன் அம்பு விறைப்பாகிவிடும். நம் மூங்கில் வில்லில் அம்பு நடுவே பாய்வதில்லை, ஓரமாகத்தான் போகிறது. விட்டதும் சற்று வளைந்து வில்லைச் சுற்றிக்கொண்டு போனால்தான் நேராகும். வளையாத அம்பு, வலக்கையால் இழுப்பவனுக்கு இடப்பக்கம் ஒதுங்கும். விரல்கள் நாணை வெளிப்பக்கம் சுண்டிவிட்டாலும் பெரும்பாலும் அதேதான். உன்னிடம் இரண்டும் இருக்கிறது.

மூங்கிலைக் குறை சொல்லாதே. ராஜஸ்தானின் வில்வித்தை வீரர் லிம்பா ராம் சிறு வயதில் மூங்கில் வில்லில் பழகியவர்தான். 1992-இல் பெய்ஜிங்கில் உலக சாதனையைச் சமன் செய்தார்.

என்னிடம் 25 பவுண்டு வில் ஒன்று சும்மா இருக்கிறது, அனுப்பி வைக்கிறேன். பழைய துணி அடைத்த சாக்கை மண்மேட்டின் முன் வைத்து, ஐந்தடி தள்ளி நில். இலக்கு எதுவும் வேண்டாம். இழுத்து நிறுத்தியதும் கண்ணை மூடிக்கொள். நாண் விரல் வாயோரத்தில் ஒரே இடத்தில் படுகிறதா, கையால் இழுக்காமல் முதுகால் இழுக்கிறாயா என்று மட்டும் கவனி. விட்ட பிறகும் இடக்கை அசையக் கூடாது, சாக்கில் அம்பு தைக்கும் சத்தம் கேட்கும்வரை அப்படியே நில். சலிப்பான வேலை என்று பலரும் இதைச் சீக்கிரம் கைவிடுகிறார்கள். எனக்கு அது மிகவும் வருத்தம், ஏனென்றால் குறி தப்பாத கை இங்கேதான் உருவாகிறது. எதிரே வட்டம் இருந்தால் மனசு அதன் பின்னாலேயே ஓடும், உடம்பு கற்றுக்கொள்ளாது.

கை படிந்த பிறகு பத்தடிக்குப் போ, சாக்கில் சின்னதாக ஒரு பொட்டு வை. அம்புகள் பொட்டை விட்டுத் தள்ளி விழுந்தாலும் பரவாயில்லை, நெருக்கமாக விழுகின்றனவா என்று பார். நெருங்கி விழுவதை நடுவுக்குக் கொண்டுவருவது எளிது. தோள் தளர்ந்த உடனே நிறுத்திவிடு. களைத்த உடம்பு தப்பான பழக்கத்தைத்தான் பிடித்துக்கொள்ளும்.

அதற்கு அப்புறம்தான் அம்பைச் சந்தேகப்பட வேண்டும். இறகு உள்ளதையும் இறகில்லாததையும் மாற்றி மாற்றி விட்டுப் பார். இறகில்லாதது மட்டும் இடப்பக்கம் விலகினால் அம்பு விறைப்புதான், முனையின் எடையைக் கொஞ்சம் கூட்டினால் சரியாகும்.

ஆடிப்பெருக்கை ஒட்டிக் கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா வருகிறது, வில் போட்டியும் உண்டு. இருவரும் போய்ப் பார்க்கலாம். வரும் வழியில் தர்மபுரி அருங்காட்சியகத்தில் இறங்கி நடுகற்களைக் காட்டுகிறேன். இடக்கையில் வில்லோடு நிற்கும் வீரர்களை நீ பார்க்க வேண்டும்.

உன் அம்பின் நீளத்தையும், நாண் பூட்டிய நிலையில் வில்லின் பிடிக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளியையும் அளந்து எழுது. அதற்கேற்ற அம்புகளையும் சேர்த்தே அனுப்புகிறேன். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன் மாமன்