கீழடியோடு திரும்பிவிட வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்னையிலிருந்து வந்த மச்சான் குடும்பத்தைக் கீழடிக்குக் கூட்டிப்போனேன். 2023-ல் திறந்த அருங்காட்சியகத்தில், 'ஆதன்' என்று பழைய தமிழ் எழுத்தான தமிழியில் கீறிய பானை ஓட்டைப் பார்த்து அதை அப்படியே உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள் மருமகள்.

பலரும் அங்கிருந்தே மதுரைக்கு வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். கொஞ்ச தூரத்தில்தான் வைகைக் கரையில் திருப்புவனம். மதுரை மாவட்ட எல்லை தாண்டியதும் வரும் சிவகங்கைச் சீமை ஊர். புஷ்பவனேஸ்வரர் கோயிலில் நந்தி சற்றே விலகியிருக்கும். ஆற்று மணலெல்லாம் லிங்கமாகத் தெரிய, மிதிக்க மனமில்லாமல் அக்கரையிலேயே நின்று பாடினாராம் சம்பந்தர். அவர் தரிசிக்கத்தான் நந்தி விலகியது என்பார்கள். இன்று அந்த ஆற்றில் நம் கண்ணுக்குத் தெரிவதென்னவோ சீமைக்கருவேலம்தான்.

அப்படியே மடப்புரம். கூரையில்லாமல் நிற்கும் காளிக்கு, முன்னங்கால் தூக்கிய பெரிய குதிரைதான் நிழல். கழுத்து நிறைய எலுமிச்சை மாலை. வாசம் வாசல் வரை வந்தது.

முக்கால் மணி நேரம் நின்றும் பஸ் வராமல் ஆட்டோவில்தான் திரும்பினோம். ஞாயிற்றுக்கிழமைகளிலாவது பெரியார் நிலையத்திலிருந்து இந்த மூன்று இடங்களையும் சுற்றி வர ஒரு பஸ் விடலாமே.

- வாசகர் ஒருவர், மதுரை