என்னைத் தெரியுதா மாப்பிள்ளை?

அன்புள்ள தம்பிக்கு,

போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். உனக்கு முகம் பிடிபடாத விஷயத்தைப் பெண் வீட்டாரிடம் சொல்லலாமா என்று கேட்டாய். சொல்லிவிடு. கல்யாணத்துக்கு முன்பே, நீயே சொல். அந்தப் பெண்ணுக்குத் தெரியும் என்பது மட்டும் போதாது. மேடையில் உன் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, "என்னைத் தெரியுதா மாப்பிள்ளை? யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று பரீட்சை வைக்கப்போகிறவர்கள் அவளுடைய பெரியப்பாக்களும் அத்தைகளும்தான். நம் பக்கத்துக் கல்யாணங்களில் சாம்பாரில் உப்பு குறைந்தாலும் குறையும், இந்தப் பரீட்சை குறையாது.

முதலில் கண்ணில் கோளாறா என்று கேட்பார்கள். அடுத்து ஞாபக மறதியா என்பார்கள். இரண்டும் இல்லை என்று அங்கேயே சொல்லிவிடு. மூக்கும் தெரிகிறது, மச்சமும் தெரிகிறது, கோபமா சிரிப்பா என்பதும் உனக்குத் தெரிகிறது. யாருடைய முகம் என்பதுதான் சிக்கவில்லை. மூளையின் அடிப்பக்கத்தில் ஃபியூசிஃபார்ம் என்று ஒரு மடிப்பு இருக்கிறது. முகத்தைக் கண்டதும் அதில் ஒரு பகுதி, அதிலும் வலப்பக்கம், மும்முரமாக வேலை செய்கிறது என்று நான்சி கன்விஷர் என்ற மூளை ஆராய்ச்சியாளரும் கூட்டாளிகளும் 1997இல் மூளையைப் படம்பிடித்துக் காட்டினார்கள். ஜெர்மனியில் போதாமர் என்ற மருத்துவர், தலையில் அடிபட்ட படைவீரர்களைப் பார்த்து 1947இலேயே இந்தக் குறைக்குப் புரோசோபக்னோசியா என்று பெயர் வைத்துவிட்டார். உனக்கு அடி எதுவும் படவில்லை, பிறவியிலேயே இப்படி. நூற்றுக்கு இரண்டு பேருக்காவது இது இருக்கும் என்று கணிக்கிறார்கள். மண்டபத்துக்கு ஐந்நூறு பேர் வந்தால் அதில் பத்துப் பேர் உன்னைப் போலவே எல்லாரையும் பார்த்துப் பொதுவாகச் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

இன்னும் புரியவில்லை என்றால், ஒரு குரூப் போட்டோவைத் தலைகீழாகப் பிடித்து அவர்களிடம் காட்டு. தெரிந்தவர்களே என்றாலும் தடுமாறுவார்கள். வீடு, விமானம் போன்ற படங்களைக் கவிழ்த்தால் வரும் தடுமாற்றத்தைவிட முகத்தைக் கவிழ்த்தால் வருவது மிக அதிகம் என்று ராபர்ட் யின் என்ற ஆராய்ச்சியாளர் 1969இல் எழுதினார். கோலத்தைப் பார்க்கிறவர் புள்ளிகளை எண்ணிக்கொண்டா இருக்கிறார்? முகத்தையும் நாங்கள் அப்படித்தான் ஒரே வீச்சில் பார்க்கிறோம். நீ புள்ளி புள்ளியாகச் சேர்க்கிறாய். சித்தப்பா திருப்பதியில் மொட்டை போட்டுக்கொண்டு வந்த அன்று, வாசலில் நின்றவரிடம் "யாரைப் பார்க்கணும்?" என்று நீ கேட்டது நினைவிருக்கிறதா? அவர் திகைத்துப் போய் ஒரு தடவை செருமினார். உடனே "உள்ள வாங்க சித்தப்பா" என்றாய். முடியும் மீசையும் போனால் உனக்கு ஆளே போய்விடுகிறார், தொண்டை மட்டும் போதும் ஆள் திரும்பி வர.

இங்கிலாந்தில் ஒருவருக்குப் பக்கவாதம் வந்து மனித முகங்கள் பிடிபடாமல் போயின. பிறகு அவர் ஆட்டு மந்தை வாங்கினார். ஆடுகளின் முகங்களை மட்டும் நன்றாக அடையாளம் கண்டார். 1993இல் இதை எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த மடிப்பு முகத்துக்கு மட்டும்தானா, பழகித் தேர்ந்த எதற்கும் உதவுமா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் மல்லுக்கு நிற்கிறார்கள். அது அவர்கள் பாடு. உன் மாமனாருக்கு ஆட்டுக்கதை பிடிக்கும், சொல்லு.

அவர்கள் வாய்விட்டுக் கேட்காத சந்தேகம் ஒன்று இருக்கும். "முகமே தெரியலைன்னா பாசம் எங்கிருந்து வரும்?" இதற்குத்தான் நீ நன்றாகப் பதில் சொல்ல வேண்டும். முகம் பிடிபடாத நோயாளிகளுக்குத் தெரிந்தவர் படத்தையும் அந்நியர் படத்தையும் காட்டி, கையில் சுரக்கும் நுண்ணிய வியர்வையை டிரேனல், டமாசியோ என்ற ஆராய்ச்சியாளர்கள் அளந்தார்கள். 1985இல் அது வெளிவந்தது. இவர் யாரென்று வாய் சொல்லத் தெரியாமல் நிற்க, தெரிந்தவர் படத்துக்கு மட்டும் கை கூடுதலாக வியர்த்தது. இதற்கு நேர் எதிரான கதையை நம் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த மூளை ஆராய்ச்சியாளர் வி. எஸ். ராமச்சந்திரன் சொல்கிறார். விபத்தில் அடிபட்ட ஓர் இளைஞன், எதிரில் வரும் தாயைப் பார்த்து "அம்மா மாதிரியே இருக்கிறாள், ஆனால் அம்மா இல்லை, வேஷக்காரி" என்கிறான். அதே தாய் போனில் பேசினால் அம்மா என்று ஏற்றுக்கொள்கிறான். முகம் தெரிகிற வழி சரியாக இருந்து, அங்கிருந்து உணர்ச்சிக்குப் போகும் பாதை அறுந்துவிட்டது என்பது அவர் விளக்கம். ஆக, அடையாளம் வேறு, பாசம் வேறு. ஸ்டேஷனில் புதுக் கண்ணாடி போட்டிருந்த என்னைத் தாண்டிப் போனாய். "தம்பி" என்றதும் திரும்பி, பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாய். எனக்கு இதற்கு மேல் எந்த ஆராய்ச்சியும் தேவையில்லை.

பிள்ளைக்கு வருமா என்றும் கேட்பார்கள். மழுப்பாதே. குடும்பத்தில் தொடர்வது உண்டு. நியூயார்க் நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸுக்கு இது இருந்தது, அவர் அண்ணனுக்கும் இருந்தது. எதிரில் வந்த தாடிக்காரர்மேல் மோதப் பார்த்தோமே என்று மன்னிப்புக் கேட்டபின், அது கண்ணாடியில் தன் உருவம்தான் என்று கண்டிருக்கிறார் சாக்ஸ். அப்படிப்பட்டவர் உலகமே படித்த புத்தகங்களை எழுதிய மருத்துவராக வாழ்ந்தார். நம் வீட்டில் பெரிய அத்தையை ஊரே தலைக்கனம் பிடித்தவள் என்றது. கோயில் பிராகாரத்தில் சொந்த நாத்தனாரைத் தாண்டிப் போவாள். அவளுக்கும் இதுதான் என்று இப்போது எனக்குச் சந்தேகமே இல்லை. யாரும் சொல்லாததால் கெட்ட பேரோடு போய்ச் சேர்ந்தாள். உனக்கு அது வேண்டாம்.

ரிசப்ஷனில் உன் பக்கத்தில் சித்தி மகள் நிற்பாள், வருகிறவர் பெயரைக் காதோடு சொல்வாள். பேசிவிட்டேன். மச்சினன்கள் மூன்று பேரும் ஒரே மாதிரி வேட்டி சட்டை எடுக்கப் போகிறார்களாம். அதை மட்டும் தடுத்துவிடு, ஆளுக்கொரு நிறத்தில் எடுக்கச் சொல். வியாழக்கிழமை அவர்கள் ஜவுளி எடுக்கக் காஞ்சிபுரம் போகிறார்கள். அதற்குள் உன் மாமியாரைக் கூப்பிட்டுப் பேசிவிடு.

அம்மா