பச்சை மையில் கையெழுத்திடப் போகும் மகளுக்கு

திருவிடைமருதூர்,
ஆடி 25

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம்.

உன் கடிதம் ஆடிப்பெருக்குக்கு மறுநாள் கிடைத்தது. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதால், சம்பா நாற்றங்காலுக்கு ஆள் தேடிய அலைச்சலில் பதில் தாமதமாயிற்று.

துணைவேந்தர் பதவிக்கு விண்ணப்பிக்கலாமா, போனால் நெற்பயிரைத் தாக்கும் பூஞ்சை நோயான குலைநோயில் இத்தனை ஆண்டுகளாகச் செய்துவரும் ஆராய்ச்சி என்னவாகும் என்று கேட்டிருக்கிறாய். பேராசிரியராகப் பத்தாண்டு என்று பல்கலைக்கழக மானியக் குழு விதித்த தகுதி உனக்கு வந்துவிட்டது. தேடுதல் குழுவின் பெயர்ப்பட்டியலில் இடம் கிடைக்குமா என்பது நம் கையில் இல்லை, அதை விட்டுவிடுவோம்.

ஆராய்ச்சி குறையத்தான் செய்யும். அதில் ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன், இந்தியக் காவல் பணிக்குத் தேர்வு பெற்றும் அதை உதறிவிட்டு, 1949இல் உருளைக்கிழங்கின் மரபியலை ஆராய நெதர்லாந்துக்குப் போனவர். ஆனாலும் நிர்வாகம் அவரை விடவில்லை. 1972இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநரானார். 1982இல் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தலைமையேற்றார். அந்த ஆண்டுகளில் தம் கையால் மகரந்தம் தூவிக் கலப்பினம் உண்டாக்க அவருக்கு எவ்வளவு நேரம் கிடைத்திருக்கும் என்று நீயே எண்ணிப் பார்.

நான் அறிவியல் படித்தவன் அல்லன். பல்கலைக்கழக அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் கோப்புதான். ஆய்வகத்தில் ஓர் அளவை மூன்று முறை எடுத்துப் பார்த்த அதே விஞ்ஞானி, பதவிக்கு வந்தபின் கோப்பின் கடைசிப் பத்தியை மட்டும் படித்துவிட்டுப் பச்சை மையில் கையெழுத்திட்டதைக் கண்டிருக்கிறேன். உன்னைப் பற்றி நான் அஞ்சுவது அதைத்தான், ஆராய்ச்சி நின்றுபோவதை அன்று.

தினக்கூலியாகச் சேர்ந்த ஆய்வக உதவியாளர் ஒருவரின் வேலையை முறைப்படுத்தக் கோரும் பணிவரன்முறைக் கோப்பு, நேரில் வந்து விளக்கச் சொல்லி அதிகாரி எழுதும் ‘பேசவும்’ என்ற ஒற்றைக் குறிப்போடு ஆறு ஆண்டுகள் மேசை மேசையாகச் சுற்றியது. வேதியியலிலிருந்து வந்த துணைவேந்தர் ஒருவர் அதை முதல் பக்கத்திலிருந்து படித்தபோதுதான், அந்தக் குறிப்பை எழுதியவரே ஓய்வு பெற்று இரண்டாண்டு ஆகிவிட்டது என்பது தெரியவந்தது. அன்று மாலையே ஆணை பிறந்தது. அந்தக் கோப்பு என் மேசை வழியாகவும் நான்கு முறை போயிருந்தது, அம்மா. நானும் நாடாவைக் கட்டி அனுப்பியவன்தான்.

ஆகவே விண்ணப்பி. ஆனால் அதற்கு முன்பாக, உன்னிடம் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கும் ஐந்து பேருக்கும் இனி நெறியாளர் யார், குளிர்பெட்டியில் நீ சேர்த்து வைத்திருக்கும் பூஞ்சை வளர்ப்புகளை யார் காலம் தவறாமல் புதுப்பிப்பார்கள் என்பதை எழுத்தில் உறுதி செய்துகொள். நம் மாநிலத்தில் பதவிக்காலம் மூன்றாண்டுதான். திரும்பி வரும்போது அவை உயிரோடு இருக்க வேண்டும்.

விண்ணப்பத்தின் ஒரு படியை எனக்கு அனுப்பு. பணிக்காலத் தேதிகளை நான் ஒருமுறை சரிபார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா