நிவாரணம் எதுவரை?

ஆசிரியருக்கு,

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். ரேஷன் கடையில் 6,000 ரூபாய் கொடுத்தார்கள். குறை சொல்ல மாட்டேன், அந்த வாரம் அடுப்பெரிந்ததே அதனால்தான்.

ஆனால் எண்ணூர் முகத்துவாரத்தில் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் லேசில் போகவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் நண்டு வலையை மண்ணெண்ணெயில் முக்கி முக்கிக் கழுவினார். பிசுக்கு விடவில்லை, கடைசியில் தூக்கிப் போட்டார். கிடைத்த கொஞ்சம் மீனையும் மார்க்கெட்டில் மோந்து பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். மீனவக் குடும்பங்களுக்குத் தனியாக 12,500 ரூபாய் வந்தது உண்மைதான். அதுவும் ஒரே தடவை.

"எத்தனை நாளைக்குத்தான் அரசு கொடுத்துக்கொண்டே இருக்கும்?" என்கிறார்கள். சரி, கேட்க வேண்டிய கேள்விதான். மீன்பிடித் தடைக்காலம் 61 நாள் என்று கணக்கு வைத்து நிவாரணம் தருகிறோமே, அதுபோல இதற்கும் ஒரு கணக்கு வேண்டாமா? ஆற்றில் மறுபடி வலை போடலாம் என்று மீன்வளத் துறை சொல்லும்வரை மாதாமாதம் கொடுக்கட்டும், அன்றோடு நிறுத்தட்டும். கட்டிலும் டிவியும் நனைந்த என்னைப் போன்றவர்களுக்கு ஒரு தடவை போதும்.

ஒரு வாசகர்,
எண்ணூர், சென்னை