பூக்காலத்து மழையும் டுரியான் விலையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜூன் பிறந்ததும் டுரியான் மலியும் என்று பலர் காத்திருக்கிறார்கள். மலேசியாவின் பகாங், ஜோகூர் தோட்டங்களில் மரம் பூக்கும்போதே விலை பாதி முடிவாகிவிடுகிறது. சில வாரம் வறண்டால்தான் மொட்டு வரும். பூ விரிவது இரவில். மகரந்தம் சுமப்பது பெரும்பாலும் வௌவால். அந்நேரம் கனமழை அடித்தால் பூவும் பிஞ்சும் கொட்டிவிடும். பூத்ததிலிருந்து முசாங் கிங் என்ற டுரியான் வகை பழுத்து விழ மூன்று மாதத்துக்கு மேலாகும். ஆகவே மார்ச் மாத மழைச் செய்தியே நல்ல சோதிடர்!

பழம் விழும் வாரத்தில் அடைமழை பெய்தாலும் சிக்கல்தான். சுளை நீர்த்து இனிப்புக் குறையும். மலிவென்று அப்போது கூடை கூடையாக வாங்க வேண்டாம். நாலைந்து வெயில் நாள் கழியட்டும். முசாங் கிங் என்று சொல்லி விற்றால், அடியில் நட்சத்திரம்போல் முள்ளற்ற தடம் இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள்.

வாசகர், ஈசூன்