படகுக்குப் பெயர் எழுதுமுன் பம்பைத் திறந்து பாருங்கள்

ஜூலையில் கனடாவின் ஒன்ராறியோ ஏரிக்கரையில் கிங்ஸ்ரன் பக்கம் கூட்டாகப் போகவிருக்கும் பாய்மரப் படகு நண்பர்களுக்கு,

வணக்கம். பயண நிரல் கிடைத்தது. யார் படகில் எத்தனை பேர், எந்த இரவு யார் சமையல், கொத்துரொட்டிக் கல்லை யார் கொண்டுவருவது என்றெல்லாம் இரண்டு பக்கத்துக்கு விபரம் இருக்கிறது. இயந்திரத்தைப் பற்றி ஒரேயொரு வரிதான்: “எல்லோரும் எஞ்சினைச் சரிபார்த்துக்கொள்ளவும்.” அந்த வரியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. சென்ற ஆண்டும் இதே வரி இருந்தது. அதையும் மீறி மரே கால்வாயில் கயிறு கட்டி இழுபட்டது என் படகு.

கால்வாயை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒன்ராறியோ ஏரியிலிருந்து குவின்ரி குடாவுக்குள் போகும் வழி அது; 1889-இல் முடிந்த வேலை. சுமார் எட்டுக் கிலோமீற்றர், நூல் பிடித்தாற்போல் நேராகப் போகும். பாய் விரித்து விளையாட அங்கே இடமில்லை, இயந்திரம்தான் கதி. பாதி வழியில் என் மனைவிதான் முதலில் கவனித்தார்: பின்பக்கத்துச் சத்தம் மாறிவிட்டது என்றார். வழக்கமாகச் சளக், சளக் என்று தண்ணீரைத் துப்பிக்கொண்டு வரும் புகைக்குழாய், வெறும் தகரப் பீப்பாயைத் தட்டுவதுபோல் உலர்ந்து ஒலித்தது. தண்ணீர் இல்லை, வெள்ளையாக ஆவி மட்டும். நான் எட்டிப் பார்ப்பதற்குள் வெப்பமானியின் முள் ஏறவேண்டிய இடத்தைத் தாண்டிப் போயிருந்தது.

குவின்ரி குடாவுக்குள் இழுத்துவந்து நிறுத்தியபின், இயந்திரத்தைக் குளிர்விக்கத் தண்ணீர் இறைக்கும் பம்பைத் திறந்தேன். உள்ளே இருக்கும் இறப்பர்ச் சக்கரத்துக்கு ஆறு இதழ்கள் இருக்கவேண்டும். மிஞ்சியவை இரண்டு. மற்ற நாலும் எங்கே? ஒன்று பம்பின் வாயிலேயே கிடந்தது. இரண்டு, குழாய் வளையும் இடத்தில். நாலாவதைத் தேடி இரண்டு நாள் போயிற்று. இயந்திரம் சூடானதும் திறந்து தண்ணீரை விடும் தேர்மோஸ்டாட்டின் கூட்டுக்குள் கறுத்த வெற்றிலைக் காம்புபோல் ஒட்டிக்கொண்டிருந்தது. புதுச் சக்கரத்தைப் போட்டுவிட்டு ‘சரி, போகலாம்’ என்று கிளம்பியிருந்தால் அந்த நாலாவது துண்டு மறுபடியும் என்னைக் கவிழ்த்திருக்கும். எண்ணிக்கை சரியாகும்வரை தேடவேண்டும்.

அந்தச் சக்கரத்தை நான் மூன்று ஆண்டுகளாக மாற்றவில்லை. ஏன் மாற்றவில்லை என்றால், அது ஒருநாளும் தொந்தரவு தரவில்லை. ஏன் தரவில்லை என்றால், துறையிலிருந்து வெளியேறப் பத்து நிமிடம், திரும்பி வரப் பத்து நிமிடம் தவிர அதற்கு வேலையே இல்லை. இதுதான் நம் எல்லோருடைய படகுகளின் கதையும். பத்து நிமிட ஓட்டத்தில் எந்த நோயும் வெளியே தெரியாது. நெடுநேரம் ஓடவேண்டிய கால்வாயிலும், சென் லோறன்ஸ் ஆற்று நீரோட்டத்தை எதிர்த்துத் திரும்பும்போதும்தான் தெரியவரும்.

நம்மில் பலர் வாங்கியிருப்பவை 1970களில் கட்டிய படகுகள். அவற்றில் பாதிக்குமேல் அற்றோமிக் 4 இயந்திரம்; விஸ்கொன்சினில் செய்யப்பட்ட, நாலு சிலிண்டர், 30 குதிரைவலுப் பெற்றோல் இயந்திரம். செய்வதை நிறுத்தி நாற்பது ஆண்டாகியும் இன்னும் ஓடுகிறது என்றால், நம் ஏரித்தண்ணீருக்கும் அதில் பங்குண்டு. இவற்றில் பெரும்பாலானவை காரைப்போல் றேடியேட்டர் வைத்தவை அல்ல. ஏரித்தண்ணீரையே உறிஞ்சி, இரும்புக்குள் சுற்றவிட்டு, புகையோடு கலந்து வெளியே துப்புகின்றன. உப்புத் தண்ணீரில் இருந்தால் 70 பாகை செல்சியசுக்கு மேல் உப்புப் படிந்து உள்வழி அடைபட்டுவிடும். அதனால்தான் இவற்றுக்குப் பொதுவாக 60 பாகையளவில் திறக்கும் தேர்மோஸ்டாட்டைப் போட்டார்கள். நமக்கு உப்பு இல்லை. துரு இருக்கிறது, மட்டி இருக்கிறது.

மட்டி என்றது வரிக்குதிரை மட்டியை. 1988-இல் சென் கிளேர் ஏரியில் முதலில் கண்டார்கள். இப்போது அதுவும் அதன் இனத்தவையும் நம் ஏரியெங்கும் குடியிருக்கின்றன. படகின் அடியில் தண்ணீர் உள்ளே வரும் துவாரம் அவற்றுக்கு நல்ல வீடு. படகு இன்னும் தரையில் நிற்கும்போதே ஒரு குச்சியை விட்டுக் குத்திப் பாருங்கள். ஊரில் இறைப்பு இயந்திரம் வைத்திருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கிணற்றுக்குள் இருக்கும் வால்வில் இலை அடைத்தால் பம்ப் வெறுமனே சுற்றுவதை எத்தனை தரம் பார்த்திருப்போம்? அதே கதைதான் இங்கேயும். வேறுபாடு, இங்கே வெறுமனே சுற்றினால் இறப்பர் எரிந்துபோகும்.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் வல்வெட்டித்துறைப் பாய்க்கப்பல் அன்னபூரணியைப் பற்றிச் சொல்வார், எப்போதும் சொல்வார். நம்மவர்கள் 1938-இல் அதை அமெரிக்காவின் குளொஸ்ரர்வரை ஓட்டிச் சென்றது எனக்கும் பெருமைதான். ஆனால் அந்தப் பெருமையால் உங்கள் பம்புக்குத் தண்ணீர் வராது.

இனி, இரண்டு காரியங்களை நான் அழுத்திச் சொல்லவேண்டும். ஒன்று, இயந்திரம் பிடிக்காமல் அடம்பிடிக்கும்போது சாவியைத் திருப்பிக்கொண்டே இருப்பது. ஒவ்வொரு சுற்றுக்கும் பம்ப் தண்ணீரை அனுப்புகிறது. வெளியே தள்ளப் புகை இல்லை. அது சைலன்சரில் நிறைந்து, பின்வழியாகச் சிலிண்டருக்குள் ஏறிவிடும். பிறகு அது இயந்திரம் அல்ல, நங்கூரம். இரண்டு மூன்று தரத்தில் பிடிக்காவிட்டால், படகின் அடியில் தண்ணீர் உள்ளே வரும் துவாரத்தின் வால்வை மூடுங்கள். பிடித்த கணமே திறந்துவிடுங்கள். மறப்பவர்கள் அன்றன்று கடைசியில் வால்வை மூடிச் சாவிக்கொத்தை அதன் கைப்பிடியில் மாட்டிவிடலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

மற்றது பனிக்காலம். சென்ற இலையுதிர்காலத்தில் உறையாமல் காக்கும் இளஞ்சிவப்புத் திரவத்தை உறிஞ்சவிட்டு, பின்னால் அந்த நிறம் வந்ததும் கைகுலுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போன நண்பர்களே, இயந்திரம் அப்போது சூடாக இருந்ததா? குளிர்ந்திருந்தால் தேர்மோஸ்டாட் மூடியிருக்கும். நீங்கள் ஊற்றியது பக்கவழியால் ஓடி வெளியே போயிருக்கும். இரும்புக்குள் நின்ற ஏரித்தண்ணீர் அப்படியே உறைந்திருக்கும். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய ஒன்பது வீதம் பருக்கும். வார்ப்பிரும்பு அதற்கு வளைந்துகொடுக்காது. வடிகால் திருகைக் கழற்றினேன், தண்ணீர் வரவில்லை, ஆகவே காலி என்று சொன்னவரும் உண்டு. அந்தத் துவாரத்தைத் துருச்செதில் அடைத்திருக்கும், ஐயா. கம்பியை விட்டுக் கிண்டினால் தேநீர்ச் சாயம்போல் ஒரு கோப்பை வரும். இவர்கள் எல்லோரும் இப்போதே, படகு தண்ணீரில் இறங்குமுன், இரும்பில் வெடிப்பு இருக்கிறதா என்று விளக்குப் பிடித்துப் பார்த்துவிடுங்கள்.

தேர்மோஸ்டாட்டைச் சோதிப்பது பத்து நிமிட வேலை. கழற்றி, தண்ணீரில் போட்டுச் சூடாக்கி, எந்தப் பாகையில் வாய் திறக்கிறது என்று பாருங்கள். சமையல் சட்டியில் போடவேண்டாம், வீட்டில் போர் மூளும். பழைய பால்மா ரின் போதும். புகையும் தண்ணீரும் கலக்கும் வளைகுழாயான எல்போவையும் ஒரு தரம் கழற்றிவிடுங்கள். வெளியே வண்ணம் பூசி அழகாக இருக்கும். உள்ளே கரியும் துருவும் அடைத்து, வழி சுண்டுவிரல் பருமனுக்கு வந்திருக்கும்.

ஏற்பாட்டாளர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். புறப்படும் நாளை ஒரு கிழமை தள்ளிவையுங்கள். அந்தக் கிழமையின் சனிக்கிழமை ஒவ்வொரு படகும் கட்டிய இடத்திலேயே ஒரு மணிநேரம் ஓடட்டும், பத்து நிமிடம் அல்ல. ஓடும்போது ஒரு வாளியைப் புகைக்குழாயின் கீழே பிடித்து, நிறைய எத்தனை செக்கன் எடுக்கிறது என்று எழுதிவையுங்கள். அடுத்த ஆண்டு அதே வேகத்தில் அதே வாளி நிறையக் கூடுதல் நேரம் எடுத்தால், எங்கோ வழி அடைபடுகிறது என்று அர்த்தம். ஒரு மணிநேரம் தாங்காத படகின் ஆட்கள் வேறு படகில் ஏறி வரட்டும். என் படகுக்கும் இதே விதி.

சக்கரம் மாற்றத் தெரியாதவர்கள் தயங்கவேண்டாம். காலை எட்டு மணியிலிருந்து துறையில் இருப்பேன். புது இதழ்களில் தடவக் கிளிசரின் கொண்டுவருகிறேன். கிறீஸ் தடவிவிடாதீர்கள், அது இறப்பரை ஊதவைக்கும். மூடியின் திருகாணிகள் கைதவறி அடித்தட்டுக்குள் விழும், கட்டாயம் விழும். உதிரியாகக் கொஞ்சம் வைத்திருக்கிறேன். கழற்றிய பழைய சக்கரத்தை மட்டும் எறிந்துவிடாமல் கொண்டுவாருங்கள். யாருடையதில் எத்தனை இதழ் மிச்சம் என்று எண்ணிப் பார்ப்போம்.

சென்ற ஆண்டு இழுபட்ட படகின் சொந்தக்காரன்