விடை தெரிந்த சோதனை எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்லூரி அறிவியலை வகுப்பறைக்கு வெளியே கொண்டுபோவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அருங்காட்சியகம், கோளரங்கம், மெய்நிகர் ஆய்வகம் என்று நிறைய யோசனைகள். எல்லாம் நல்லவைதான். ஆனால் இடம் மாறினாலே போதும் என்ற தொனி அதில் தெரிகிறது. கோளரங்கத்துக்குக் கூட்டிப்போய் அங்கேயும் ஒரு மணி நேரம் நாமே பேசிக்கொண்டிருந்தால் அதுவும் வகுப்புதான். நாற்காலி மட்டும் கொஞ்சம் சாய்வாக இருக்கும்.

இயற்பியல் நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், கோளாறு நம் ஆய்வகத்திலேயே இருக்கிறது. தனி ஊசலை ஆடவிட்டு ஈர்ப்பு முடுக்கம், அதாவது கீழே விழும் பொருளின் வேகம் நொடிக்கு நொடி எவ்வளவு கூடுகிறது என்று காணச் சொல்கிறோம். 9.8 வர வேண்டும் என்பது மாணவருக்கு முன்பே தெரியும். 9.3 வந்தால் ஏன் வந்தது என்று யாரும் கேட்பதில்லை. ரெக்கார்டு நோட்டில் 9.8-க்குப் பக்கத்தில் ஓர் எண் ஏறிவிடும். விடை தெரிந்த கேள்வியைக் கொடுத்தால் வேறு என்னதான் செய்வார்கள்?

விடை யாருக்கும் தெரியாத கேள்வியை முதலாண்டிலேயே கொடுக்கலாம். அமெரிக்காவின் ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனம் 2008-இல் தொடங்கிய 'சீ-ஃபேஜஸ்' திட்டம் அப்படிப்பட்டது. கல்லூரிக்குள் இப்போதுதான் நுழைந்த மாணவர்கள் மண்ணை அள்ளி வந்து, அதிலிருந்து பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ் வைரஸைப் பிரித்தெடுக்கிறார்கள். பெயரும் அவர்களே வைக்கிறார்கள். மரபணுத் தொகுதியை ஆராய்ந்து பொதுத் தரவுத்தளத்தில் சேர்க்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு மாணவி அழுகிய கத்தரிக்காயிலிருந்து இப்படி எடுத்த ஃபேஜுக்கு 'மடி' (Muddy, ஆங்கிலத்தில் 'சேறான') என்று பெயர். லண்டனில் எந்த மருந்துக்கும் கட்டுப்படாத பாக்டீரியா தொற்றால் அவதிப்பட்ட 15 வயதுச் சிறுமிக்கு மூன்று ஃபேஜ்களைக் கலந்து கொடுத்தார்கள். அவற்றில் ஒன்று இந்த 'மடி'. சிறுமி தேறிய விவரம் 2019-இல் ஆய்விதழில் வெளிவந்தது. எல்லா மாணவருக்கும் இப்படி வாய்க்காது, சரி. ஆனால் தன் கையில் இருப்பதை இதற்கு முன் யாரும் பார்த்ததில்லை என்று தெரிந்தால், குறிப்பேட்டைப் பார்த்து எழுத அங்கே வழியே இல்லை.

இதற்குப் பெரிய ஆய்வகம் வேண்டுமே என்பார்கள். இயற்பியலுக்குக் கைபேசியே போதும். ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய 'ஃபைஃபாக்ஸ்' செயலி, கைபேசிக்குள் இருக்கும், வேக மாற்றத்தை அளக்கும் முடுக்கமானியையும் (சில கைபேசிகளில்) காற்றழுத்தமானியையும் அளவு கருவிகளாக்குகிறது. மின்தூக்கியில் ஏறி இறங்கி அதன் வேகத்தையும் கட்டடத்தின் உயரத்தையும் அளக்கலாம். அந்த விடை எந்தப் பாடநூலிலும் இல்லை.

ஒன்றை எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். மாணவர்கள் உடனே கைதட்டமாட்டார்கள். ஹார்வர்டில் இயற்பியல் மாணவர்களிடம் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், தாங்களே செய்து கற்றவர்கள் தேர்வில் அதிகம் எடுத்தார்கள். ஆனாலும் நல்ல விரிவுரை கேட்டவர்களைவிடத் தாங்கள் குறைவாகக் கற்றதாகவே நினைத்தார்கள். மூளை வியர்க்கும்போது கற்கவில்லை என்றுதான் தோன்றும் போலிருக்கிறது. மாணவர் கருத்துப் படிவத்தை மட்டும் பார்த்து ஆசிரியரை மதிப்பிடும் நிர்வாகங்கள் இதைக் கவனிக்க வேண்டும். 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2014-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, விரிவுரை மட்டும் கேட்டவர்கள் தோற்கும் வாய்ப்பு, தாங்களே செய்து கற்றவர்களுக்கு இருப்பதைப்போல் ஒன்றரை மடங்கு என்கிறது.

கட்டுரையாளர் தொடாமல் விட்டது மதிப்பெண். அப்புறம் எவ்வளவு புதுமை செய்தாலும், செய்முறைத் தேர்வில் 9.8-க்குத்தான் முழு மதிப்பெண் என்றால் எல்லாரும் 9.8-தான் எழுதுவார்கள். வாய்மொழித் தேர்வில் ஒரே ஒரு கேள்வியைக் கட்டாயமாக்குங்கள்: உன் அளவீடு ஏன் இவ்வளவு விலகியது? 9.3 எழுதி அதற்குக் காரணமும் காட்டுகிற மாணவருக்குப் பாதிக்கு மேல் மதிப்பெண் அங்கேயே கிடைக்கட்டும். பாடத்திட்டக் குழு கூடும்போது முதலில் இதை எடுத்துக்கொள்ளலாம். இதற்குப் புதுக் கட்டடம் எதுவும் தேவையில்லை.

இப்படிக்கு,
கல்லூரி இயற்பியல் ஆசிரியர் ஒருவர்